கட்டிலின் இடது பக்கம்

டாக்டர் தமயந்தியிடம் மருத்துவம் படித்தவர்களை ஒரு வார்டுக்குள் விட்டுப் பார்த்தால் போதும், அடையாளம் தெரிந்துவிடும். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுவார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்குவார்கள். பிறகு நேராக நோயாளியின் வலது பக்கம் போய் நிற்பார்கள். தப்பித்தவறி இடது பக்கம் நிற்பவரின் வெள்ளை அங்கியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, கட்டிலைச் சுற்றி நடத்திக் கொண்டுவந்து வலது பக்கம் நிறுத்துவார் மேடம். எங்கோ பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய பதவியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தன் மாமனாரை எங்கள் வார்டில் பார்க்க வந்தபோது அவரையும் அப்படி இழுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நான் சௌம்யா. விழுப்புரத்துக்காரி. கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை என்பதால் பெங்களூருக்கு வந்து, மேடம் தலைமையில் இருக்கும் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவள். மேடத்துக்கு ஊர் வேறு எதுவும் கிடையாது. அப்பா இங்கே மாநில அரசு வருவாய்த் துறையில் இருந்தவர். பிறந்தது, படித்தது, அடுகோடியில் வீடு கட்டியது எல்லாம் இதே ஊர்தான். நர்ஸைக் கன்னடத்தில் திட்டுவார், வார்டு ஆயாவை உருதுவில் திட்டுவார், என்னைத் தமிழில் திட்டுவார். யாருக்கும் குறை வைத்ததில்லை.

நோயாளியின் வலது பக்கம் நின்று, வலது கையால் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால்குடி வயதிலேயே ஊட்டப்படும் விதி. கல்லீரல் அந்தப் பக்கம் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு வலது கைதான் வாகு என்று காரணம் சொல்வார்கள். பரீட்சையில் அதற்கென்று மதிப்பெண் உண்டு. முப்பத்திரண்டு வருடமாக மேடம் கட்டிக் காத்த விதி அது. அவர்தான் ஒரு பருவம் முழுக்க நூற்றைம்பது பேருக்கு அதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் யானை சறுக்கியது ஒரு லேப்டாப்பின் மேல்.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்து, வார்டுகளில் மாணவர்கள் நுழையக் கூடாது என்று ஆனது. இரண்டாம் வருடப் பிள்ளைகள் அதுவரை ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. அவர்களுக்கு உடல் சோதனை முறைகளை ஆன்லைனில் நடத்துங்கள் என்று கல்லூரியில் இருந்து சுற்றறிக்கை வந்தது. நீச்சலைத் தபாலில் கற்றுக்கொடுக்கச் சொல்வது மாதிரி இருந்தது எங்களுக்கு. மற்ற பேராசிரியர்கள் பழைய ஸ்லைடுகளைத் தூசி தட்டிப் படித்துக் காட்டிவிட்டு எழுந்து போனார்கள். மேடத்துக்கு அது மனசு ஒப்பவில்லை.

"தொட்டுக் காட்டாம வைத்தியம் சொல்லிக் குடுக்கறதுன்னா என்ன அர்த்தம் சௌம்யா? வீட்ல ஒரு ஆள் சும்மாத்தானே இருக்காரு" என்றார்.

அந்த ஆள் அவருடைய கணவர் பாலசுப்ரமணியன். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் திவானை நடுவே இழுத்துப் போட்டு, அவரைச் சட்டையில்லாமல் படுக்க வைத்து, ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்து மேடம் வகுப்பை ஆரம்பித்தார். பாலு சார் சலித்துக்கொள்ளவே இல்லை. முதல் நாள் வகுப்பு முடிந்ததும், "பத்து வருஷமா தொப்பையைக் குறைங்க குறைங்கன்னு கத்தினா. இன்னிக்கு நூத்தம்பது பேர் முன்னாடி 'நார்மல் அப்டமன்'னு சொல்லிட்டா. ரெக்கார்ட் ஆயிருக்கில்ல?" என்று லேப்டாப் வழியாக என்னிடம் கேட்டார்.

வகுப்பில் எனக்கு வேலை, ஆட்களை உள்ளே விடுவது, பின்னணியில் குக்கர் விசில் கேட்கும் வீடுகளின் ஒலியை அடைப்பது, மாணவர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளைப் படித்துச் சொல்வது. இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வயிற்றின் மேல் ஒரு கையின் நடுவிரலைப் பதித்து, அதன் மேல் மறு கையின் நடுவிரலால் தட்டினால், உள்ளே காற்று இருந்தால் ஒரு சத்தமும் நீர் இருந்தால் வேறு சத்தமும் வரும். எங்கள் படிப்பின் பாதி அந்தச் சத்தத்தில் இருக்கிறது. வகுப்பு நடத்திய மென்பொருளோ அதை வேண்டாத இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிட்டது. மேடம் தட்டத் தட்ட, பிள்ளைகளுக்கு ஊமைப் படம்தான் ஓடியது. எந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தச் சத்தம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இதற்குள் மேடம் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். முதல் வகுப்பின் கடைசியில் திரையில் தெரிந்த தன் படத்தைப் பார்த்தார். பாலு சாரின் இடது பக்கம் அவர் நின்றிருந்தார். தட்டியது இடது கையாக இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மென்பொருள் நம் முகத்தை நமக்கு மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல இடம் வலம் மாற்றிக் காட்டும், மற்றவர்களுக்குச் சரியாகத்தான் காட்டும். இது அவருக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் கேள்வி கேட்டே பழகியவருக்குக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வராது.

எனவே தானே ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமானால் நாம் மாறி நிற்க வேண்டும், இடது கையால் தட்ட வேண்டும். வகுப்புக்கு இடையில் கிடைத்த ஒரு வாரம் முழுக்க இடது கையைப் பழக்கினார். சாப்பாட்டு மேஜையில் தட்டினார், அரிசி டப்பாவில் தட்டினார், பாதி காலியான தண்ணீர் கேனில் தட்டித் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று இடது கையால் கண்டுபிடித்தார். ஐம்பத்தேழு வயதில் அந்த விரலை அப்படி வளைக்க எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வகுப்பிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதம், இடது பக்கம் நின்று, இடது கையால், ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொல்லிக் கொடுத்தார்.

நான் என் போனில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் பக்கம் மாறி நின்ற முதல் நாளே கவனித்துவிட்டேன். ஆனால் துறைத் தலைவரிடம் வகுப்பு நடுவே 'மேடம், தப்பான பக்கம் நிக்கிறீங்க' என்று சொல்லும் உதவிப் பேராசிரியர் இந்த மாநிலத்திலேயே பிறக்கவில்லை. மேடம் ஏதோ காரணத்தோடுதான் செய்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதிவுகளைக் கல்லூரித் தளத்தில் ஏற்றியதும் நான்தான். மேடம் அவற்றைப் பார்க்கவே இல்லை. தன் முகத்தைப் படத்தில் பார்க்க அவருக்குக் கூச்சம்.

ஜனவரியில் மாணவர்கள் திரும்பி வந்தார்கள். பதினைந்து பதினைந்து பேராக வார்டுக்கு அனுப்பினோம். முதல் தொகுதி முகக்கவசமும் கண்ணாடித் தடுப்புமாக வந்து நின்றது. மேடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியைக் காட்டி, "போங்க, வயித்தைப் பாருங்க" என்றார். பதினைந்து பேரில் ஒன்பது பேர், எந்தச் சந்தேகமும் இல்லாமல், கட்டிலின் இடது பக்கம் போய் நின்றார்கள். கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்கள்.

"என்ன இது? எந்த மடையன் இப்படிச் சொல்லிக் குடுத்தான் உங்களுக்கு?" என்று மேடம் கத்தியதில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

 சுஹாஸ் என்ற பையன், "நீங்கதான் மேடம்" என்றான்.

சொன்னதோடு விடாமல் போனை எடுத்துப் பதிவைக் காட்டினான். மேடம் பக்கத்துக் கட்டிலின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். தான் திரையில் இடது பக்கம் நிற்பதை, இடது கையால் தட்டுவதை, 'ஆல்வேஸ் த கரெக்ட் சைட்' என்று வாய் நிறையச் சொல்வதை, நாலு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"மூணு மாசமுமா?"

"ஆமா மேடம்."

"ஏன் சொல்லலை? வாயில கொழுக்கட்டையா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.  அவர் அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நூற்றைம்பது பேரையும் பெரிய வகுப்பறையில் இடம் விட்டு உட்கார வைத்து மேடம் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கேமரா திருப்பிக் காட்டுதுன்னு நினைச்சு நான் திரும்பிக்கிட்டேன். அது என் முட்டாள்தனம். எல்லாரும் வலது பக்கம், வலது கை. இன்னிலேர்ந்து மாத்திக்கோங்க. மாத்திக்க நான் ஒவ்வொருத்தர் கூடவும் நிக்கிறேன்." அவ்வளவுதான். எந்த வருடத்திலும் அந்த அறையில் கேட்காத கைதட்டல் அன்று கேட்டது. எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை ஒரு படி கூடியது. என் மேல் எனக்கு இருந்தது ஒரு படி இறங்கியது.

அன்று மதியம் கேரல் என்ற மாணவி மேடத்தின் அறைக்கு வந்தாள். விவேக் நகர்ப் பெண். அப்பா ரெமிஜியஸ் அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்திலிருந்து மருத்துவம் படிக்க வந்த முதல் ஆள். நானும் அறையில் இருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அது நெஜமாவே மிஸ்டேக்தானா?"

"ஆமாம்மா. அதான் சொன்னேனே."

"இல்ல... நான் லெஃப்ட் ஹேண்டர் மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்லயே கேட்டேன், லெஃப்ட் ஹேண்டர்ஸ் என்ன பண்றதுன்னு. எல்லாரும் வலது கைதான், பழகிக்கோன்னு சொன்னீங்க. அன்னிக்கு ஃபுல்லா அழுதேன். அடுத்த கிளாஸ்ல நீங்களே லெஃப்ட்ல வந்து நின்னீங்க. லெஃப்ட் கையால தட்டினீங்க."

எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. பேரைச் சொல்லாமல் படித்துச் சொன்னது நான்தான். மேடத்துக்கு ஞாபகமே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"உங்களுக்கு லெஃப்ட் வாகு இல்லன்னு எனக்குத் தெரியும் மேடம். நடுவுல தண்ணி குடிக்கும்போது ரைட் கையாலதான் எடுப்பீங்க. எங்களுக்கு அதெல்லாம் சட்டுன்னு தெரியும். அப்ப எனக்காகத்தான் கஷ்டப்பட்டுப் பழகிட்டு வந்து நிக்கிறீங்கன்னு நினைச்சேன். எங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மா குழந்தை இயேசு கோயில்ல உங்க பேர்ல மெழுகுவத்தி ஏத்தினாங்க. கொரோனான்னு கோயில் உள்ள விடல, கேட்டுக்கு வெளிய நின்னு ஏத்தினாங்க."

  மேடம் சொன்னார்: "பரீட்சைல ரைட்லதாம்மா நிக்கணும். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. பழகிக்கலாம்."

"சரி மேடம்" என்று கேரல் போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்த ஐந்து வாரமும் கேரலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இடது கையால் தட்டும்போது அந்தப் பெண்ணுக்கு அபாரமான காது. வயிற்றில் ஒரு கிண்ணம் நீர் அதிகமாக இருந்தாலும் சொல்லிவிடுவாள். வலது கைக்கு மாற்றியதும் விரல் விழுந்ததே தவிர, சத்தம் எழவில்லை. மேடம் தினம் கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார். அவள் தலையாட்டினாள், முயன்றாள், தோற்றாள். பருவ முடிவுப் பரீட்சையில் தேறாவிட்டால் விடுமுறையில் மொத்தப் பயிற்சியையும் மறுபடி செய்ய வேண்டும். கேரலுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. "எனக்கு இந்தக் கை வராது மேடம், கிளினிக்கல் வேணாம், லேப் பக்கம் ஏதாவது போயிடறேன்" என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இதை மேடத்திடம் சொன்னேன். இந்தத் தடவை வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொள்ளவில்லை.  அவர் அதை வீட்டில் பாலு சாரிடம் பேசியிருக்கிறார். சார் பிறகு எனக்குச் சொன்னார்: "எந்தப் பக்கம் நின்னா என்னன்னு கேட்டேன். நான் மூணு மாசம் படுத்துக் கெடந்தேன். முதல் நாள் அந்தப் பக்கம் நின்னா, அப்புறம் இந்தப் பக்கம் நின்னா. எனக்கு வித்தியாசமே தெரியல. கை சூடா இருந்துது, அதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு என்ன கோவம் தெரியுமா அவளுக்கு! ரெண்டு நாள் பேசவே இல்ல."

பிப்ரவரி கடைசியில் பரீட்சை. இன்னொரு யூனிட்டின் தலைவர் டாக்டர் ராஜேஷ்குமாரும் மேடமும் தேர்வாளர்கள். ராஜேஷ்குமார் நல்ல மனிதர்தான், ஆனால் மதிப்பெண் தாளில் அச்சாகியிருப்பது அவருக்கு வேத வாக்கு. கேரலுக்கு வார்டின் மூலைக் கட்டில் விழுந்தது. அந்தக் கட்டிலின் இடது பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. நோயாளி சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்த பெரியவர். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. வீக்கத்துக்குக் காரணம் நீர்தானா என்பதைத் தட்டி, ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து மறுபடி தட்டி, சத்தம் இடம் மாறுகிறது என்று காட்ட வேண்டும்.

கேரல் வலது பக்கம் நின்று வலது கையால் தட்டினாள். எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் மாறுதா இல்லையாம்மா?" என்றார் ராஜேஷ்குமார்.

கேரல் மறுபடி தட்டினாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் நிறைந்துவிட்டன. "தெரியல சார்" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்தார். மேடம் அப்போது மூன்று கட்டில் தள்ளி வேறொருவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.  மூலைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தார். இரும்புச் சக்கரம் கிறீச்சென்று கத்தியது. இன்னொரு இழுப்பில் கட்டில் சுவரை விட்டு விலகி, ஒரு ஆள் நிற்கிற இடம் கிடைத்தது.

"யா அல்லா, கட்டிலோட எங்கம்மா ஷிப்ட் பண்றீங்க?" என்றார் பெரியவர்.

"எங்கயும் இல்ல பாய், இங்கயேதான். கேரல், அந்தப் பக்கம் போ."

கேரல் நகரவில்லை.

"மேடம், எக்ஸாமினரா இருந்துட்டு..." என்று ராஜேஷ்குமார் இழுத்தார். "ரைட் சைடுன்னு மார்க் ஷீட்லயே இருக்கே."

"இருக்கு. அந்த மார்க்கைக் கழிச்சுக்கோங்க. மிச்சத்தை அவ காதுக்குப் போடுங்க. அவ சொல்றது சரியான்னு நான் அப்புறம் தட்டிப் பாத்து சொல்றேன், நீங்களும் தட்டிப் பாருங்க."

"வேணாம் மேடம்" என்றாள் கேரல்.  "மறுபடி எனக்காக இப்படிப் பண்ணீங்கன்னு ஆகிடும். எல்லாரும் பாக்கறாங்க."

"மறுபடி எங்க? அன்னிக்குப் பண்ணது உனக்காக இல்லைன்னு நானேதானே சொன்னேன்." மேடம் கட்டிலின் கம்பியை விடவில்லை. "அதைச் சொன்னதுலேர்ந்து எனக்கு நிம்மதியே இல்லம்மா. இது உனக்காகத்தான். போ."

கேரல் கட்டிலைச் சுற்றி நடந்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒடுங்கி நின்று, உள்ளங்கைகளைத் தேய்த்தாள். வலது கையைப் பெரியவரின் வயிற்றில் விரித்துப் பதித்து, இடது கை விரலால் தட்டினாள். கணீரென்ற சத்தம் அந்த மூலையிலிருந்து வந்தது. விரல் நகர நகர அது மங்கி, ஓரிடத்தில் நின்றது. பெரியவரைத் தன் பக்கம் புரளச் சொன்னாள். அவர் பாரம் மாறியதும் கட்டில் சுவர்ப் பக்கமாக உருண்டது. பிரேக் வேலை செய்யவில்லை. மேடம் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திக்கொண்டார். எடை தாங்காமல் தோள் நடுங்கியது.

நான் ஓடிப்போய்த் தலைமாட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டேன். கேரல் தட்டி முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை.